மார்க்கெட்டிங் படிக்க ஆசையா? பி.காம்., பி.பி.ஏ., லண்டன்: வேலூரிலிருந்து ஒரு கணக்கு

பட்டத்தின் பெயரில் 'மார்க்கெட்டிங்' இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு இந்தத் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளுக்கு உள்ளூரில் ஒரு நல்ல பி.காம்., அதற்கு மேல் மார்க்கெட்டிங்கில் முதுநிலை என்பதே கட்டுப்படியாகும் வழி. படிப்பாகவும் அதில் குறை இல்லை. பி.பி.ஏ. சிலருக்குப் பொருந்தும். வெளிநாட்டில் இளநிலை மிகச் சிலருக்குத்தான். ஏன் இப்படிப் பிரிக்கிறேன், எந்த வழியில் போனாலும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதை, வணிகவியல் எடுக்கும் ஆசிரியையாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

"மார்க்கெட்டிங்னா பேக் மாட்டிக்கினு வெயில்ல கடை கடையா ஏறி எறங்கறதுதானே மிஸ், அதுக்கு இன்னாத்துக்கு டிகிரி?" என்று குடியாத்தத்தில் ஓர் அப்பா கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கடை ஏறி இறங்காதவருக்கு இந்தத் தொழில் வராது. மீதிப் பாதி, எந்தப் பொருளை எந்த அளவில், என்ன விலைக்கு, எந்தக் கடையில், யாரை மனதில் வைத்துக் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவெடுப்பது. கடலூரில் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று முதலில் அறிவித்தார்கள். ஆள்கள் பழகிய பிறகு, சிக் சாஷே ஐந்து கொடுத்தால்தான் இலவசம் என்று மாற்றினார்கள். முதல் அறிவிப்பு அடுத்த கம்பெனி வாடிக்கையாளரை இழுத்தது. இரண்டாவது அவரைப் போகவிடாமல் பிடித்தது. எப்போது மாற்றுவது என்று தெரிய வேண்டுமானால் எத்தனை சாஷே திரும்பி வருகிறது, இலவசத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். மார்க்கெட்டிங்கில் பாதி இந்தக் கணக்குதான். விளம்பரம் எடுப்பது ஆசையாகத் தெரிவதால் பிள்ளைகள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

அதனால் எந்த டிகிரியை எடுத்துப் பார்த்தாலும் நான் தேடுவது இரண்டைத்தான். புள்ளியியலும் கணக்குப் பதிவியலும் எவ்வளவு இருக்கின்றன? வகுப்பை விட்டு வெளியே போய்ச் செய்யும் வேலை எவ்வளவு இருக்கிறது?

பி.காம்.

இதைப் படிக்க ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. 1898-லிருந்து நடக்கும் ஊரிசு கல்லூரி, ஓட்டேரியில் முத்துரங்கம் அரசினர் கலைக் கல்லூரி, பெண்களுக்கு டி.கே.எம்., காட்பாடி ஆக்ஸிலியம், மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடியில் இஸ்லாமியா, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என்று பஸ் தூரத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றிலும் பி.காம். உண்டு. கணக்குப் பதிவியல், செலவுக் கணக்கியல், வணிகப் புள்ளியியல் எல்லாம் கட்டாயம் படித்தாக வேண்டும். மார்க்கெட்டிங் ஒன்றிரண்டு தாள்தான் வரும். பிள்ளைகளுக்கு அது குறையாகப் படும், எனக்குப் படவில்லை. மூன்று வருடம் கணக்கோடு மல்லுக்கட்டியவர் எம்.பி.ஏ.வில் மார்க்கெட்டிங் எடுக்கும்போது அந்த வகுப்பில் தனியாகத் தெரிவார்.

இன்னொரு காரணம் ஃபீஸ். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே வளாகத்தில், ஒரே வாசலுக்குள், அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பழைய பாடமான பி.காம். பல கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவிலேயே இருக்கிறது. பின்னால் வந்த பி.பி.ஏ., பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) போன்றவை பெரும்பாலும் சுயநிதி. இரண்டுக்கும் ஃபீஸ் பல மடங்கு வித்தியாசப்படும். கல்லூரி பெயரைச் சொல்லி "அங்க ஃபீஸ் கம்மி" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு என்று திருப்பிக் கேளுங்கள். அரசுக் கல்லூரியில் இந்தக் குழப்பமே இல்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை தமிழ்நாட்டில் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குத் தினம் வந்து போகிற பிள்ளைக்கு இது சின்னத் தொகை இல்லை.

பி.பி.ஏ.

மேடையேறிப் பேசவும், நாலு பேரைச் சேர்த்து வேலை வாங்கவும் கூச்சப்படாத பிள்ளைக்கு இது பிடிக்கும். மேலாண்மை, மனிதவளம், நிறுவனச் சட்டம், நிதி, மார்க்கெட்டிங் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். நல்ல கல்லூரியில் ஒரு ப்ராஜெக்ட்டும் இன்டர்ன்ஷிப்பும் இருக்கும். அங்கேதான் பி.பி.ஏ. பி.காம்.மை முந்துகிறது. மோசமான கல்லூரியில் அதே ப்ராஜெக்ட், கடைத்தெருவில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கும் பழைய ரிப்போர்ட்டாக முடிந்துவிடும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ப்ராஸ்பெக்டஸைப் புரட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியானால் பல்கலைக்கழக இணையதளத்திலும், தன்னாட்சிக் கல்லூரியானால் அதன் சொந்தத் தளத்திலும் பாடத்திட்டம் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். ஆறு செமஸ்டரையும் திறந்து வைத்துப் பென்சிலால் டிக் அடியுங்கள்: புள்ளியியல் எத்தனை தாள், மார்க்கெட்டிங் சம்பந்தமாக எத்தனை, விருப்பப் பாடம் என்று போட்டிருப்பதில் உண்மையாக நடத்துவது எது. கடைசிக் கேள்விக்கு பி.டி.எஃப். பதில் சொல்லாது. அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளை சொல்லும். 'நுகர்வோர் நடத்தை', 'விளம்பர மேலாண்மை' என்று நாலு விருப்பப் பாடம் அச்சில் இருக்கும். ஆசிரியர் இருப்பது ஒன்றுக்குத்தான் என்பது கேன்டீனில்தான் தெரியவரும்.

2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரத்துக்குக் கீழே வந்துவிட்டது. சேரும் கல்லூரி அதை வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பி.காம்.முக்கு இந்தச் சோதனை கிடையாது.

விஐடி-யிலும் பி.பி.ஏ. இருக்கிறது. வளாகம், வெளிமாநிலப் பிள்ளைகளோடு பழக்கம், கம்பெனிகள் வந்து போவது எல்லாம் உண்டு. அதற்கேற்ற ஃபீஸும் உண்டு. உள்ளூரிலேயே இருந்து அந்தச் சூழல் வேண்டும் என்பவர்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்கை எம்.பி.ஏ.வுக்கு மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்றும் ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும்.

'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று பெயர் போட்டவை

சென்னை, பெங்களூரு தனியார் கல்லூரி விளம்பரங்களில் இப்போது இதுதான் பெரிய எழுத்தில் வருகிறது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. இன்ஸ்டாகிராமிலும் கூகுளிலும் விளம்பரம் போடும் முறை வருடத்துக்கு வருடம் மாறுகிறது. முதல் செமஸ்டரில் படித்த திரை ஆறாவது செமஸ்டரில் இருக்காது. கூகுள் இந்தப் பாடங்களையும் சான்றிதழையும் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். அதற்காக மூன்று வருடப் பட்டத்தை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. விளம்பரத்தை உருவாக்கும் பக்கம், அதாவது எழுத்து, படம், வீடியோ என்றுதான் மனம் போகிறது என்றால் விஷுவல் கம்யூனிகேஷன் பார்க்கலாம். அது வேறு தொழில், வேறு கட்டுரை.

நுழைவுத் தேர்வு வழிகள்

கணிதத்தில் பயம் இல்லாத பிள்ளைக்கு இரண்டு கதவுகள் கூடுதலாகத் திறக்கும். ஒன்று, இந்தூர் ஐ.ஐ.எம். 2011-லிருந்து நடத்தும் ஐ.பி.எம். என்ற ஐந்து வருட ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பு. ப்ளஸ் டூ முடித்ததும் சேர்ந்து, எம்.பி.ஏ.வோடு வெளியே வரலாம். தேர்வில் கணிதத் திறனும் ஆங்கிலமும் கேட்பார்கள், பிறகு நேர்முகம். ஃபீஸ் பல லட்சம். ஆனால் கல்விக் கடன் கொடுக்க வங்கி தயங்காத இடம் அது. இன்னொன்று, 2022-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு நடக்கும் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. கேள்வித்தாளைத் தமிழிலும் வாங்கலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.எம்.எஸ். என்ற மேலாண்மைப் படிப்புக்கு அதில் கணிதத் தாள் எழுதியாக வேண்டும். வணிகவியல் குரூப்பில் கணிதத்தை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு ப்ளஸ் ஒன் சேர்ந்த நாளிலேயே மூடிவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு வரியை அவருக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இளநிலையில் எதைப் படித்தாலும் பின்னால் பெரிதாகக் கெட்டுப்போகாது என்பதும் நினைவிருக்கட்டும். எம்.பி.ஏ. போன்ற முதுநிலை நுழைவுத் தேர்வுகளான அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட், ஐ.ஐ.எம்.களுக்கான கேட், அகமதாபாத்தில் மார்க்கெட்டிங்குக்குப் பேர்போன மைக்கா கல்வி நிறுவனத்துக்கான மைக்காட் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கேட் எழுத பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் 50 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45. மார்க்கெட்டிங்கைத் தனிச் சிறப்புப் பாடமாகப் பிரித்து ஆழமாக எடுப்பது எம்.பி.ஏ.வின் இரண்டாம் வருடத்தில்தான். அதனால் இளநிலையிலேயே அவசரப்பட்டு அந்தப் பெயரைத் தேட வேண்டியதில்லை.

வெளிநாடு

பிரிட்டனில் மார்க்கெட்டிங் தனிப் பட்டமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் மூன்று வருடம், ஸ்காட்லாந்தில் நான்கு. பாடத்தில் எனக்குப் பிடித்தது, பல பல்கலைக்கழகங்கள் நடுவில் ஒரு வருடம் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை செய்ய அனுப்பும் ஏற்பாடு. ஆனால் அந்த இடத்தை நாமே விண்ணப்பித்துத் தேட வேண்டும், சேர்ந்தால் தானாகக் கிடைத்துவிடாது. இதை ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை.

செலவைப் பார்ப்போம். நம்மூர்ப் பிள்ளைக்கு வருட ஃபீஸ் 15,000 பவுண்டை ஒட்டித் தொடங்கி 20,000-க்கு மேலும் போகும். பவுண்டை 100 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே மூன்று வருடத்துக்கு 45 லட்சம், அதுவும் படிப்புக்கு மட்டும். விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே என்றாலும் மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல், 9 மாதத்துக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்தப் பணம் 28 நாள் குறையாமல் கணக்கில் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கி இரண்டு நாள் போட்டு எடுக்கிற வேலை நடக்காது. படிக்கும்போது வகுப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படித்து முடித்தபின் வேலை தேடித் தங்க இரண்டு வருடம் இருந்தது. 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. இப்போது இளநிலைக்குக் கிளம்பும் பிள்ளை முடிக்கும்போது அந்தக் குறைந்த கணக்குதான் பொருந்தும்.

நம் ஊரில் மூன்று வருட பி.காம். முடித்துவிட்டு, அங்கே மார்க்கெட்டிங்கில் ஒரு வருட எம்.எஸ்சி. போனால்? ஒரு வருட ஃபீஸ், ஒரு வருட வாடகை. வேலை தேடத் தங்கும் அனுமதி அதற்கும் உண்டு. நம் மூன்று வருடப் பட்டத்தை அங்கே முதுநிலைக்கு ஏற்கிறார்கள். கேட்கிறவர் பெரிய ஸ்காலர்ஷிப்போ, மூன்று வருடச் செலவைத் தாங்கும் தொழிலோ உள்ள வீட்டுப் பிள்ளை இல்லை என்றால் இதைத்தான் சொல்வேன். ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ ஏற்றுமதி செய்யும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இளநிலைக்கே போகிறார்கள். அவர்களுக்கு அங்கே வாடிக்கையாளர் இருக்கிறார், திரும்பி வர இங்கே கம்பெனியும் இருக்கிறது. அந்தக் கணக்கு வேறு.

விண்ணப்பம்: உள்ளூர் ஃபாரம்

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்தான். கட்டுரை எல்லாம் கிடையாது. நான்கு முக்கியப் பாடங்களின் 400 மதிப்பெண்ணில் ரேங்க் போடுவார்கள், 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி இடம் தருவார்கள். இதில் 'நன்றாக எழுதுவது' என்றால் தப்பில்லாமல் நிரப்புவதுதான். சாதிச் சான்றிதழில் ஒரு இனிஷியலும் மார்க் ஷீட்டில் இன்னொரு இனிஷியலும் இருந்தால் கவுன்சலிங் நாளன்று அலைய வேண்டியிருக்கும். ரிசல்ட்டுக்கு முன்பே சரி பார்த்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்த மொபைல் எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்கட்டும். சென்டர்காரர் எண்ணைப் போட்டுவிட்டு, அழைப்புக் குறுஞ்செய்தி அவருக்குப் போய் இடத்தை விட்டவர்கள் உண்டு. பாட வரிசையில் முதலில் உண்மையாக வேண்டியதைப் போடுங்கள்.

விண்ணப்பம்: எழுதிக் கேட்கும் இடங்கள்

தனியார் பல்கலைக்கழகங்களின் நேர்முகம், எம்.பி.ஏ. நேர்முகம், வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கின்றன: உனக்கு ஏன் மார்க்கெட்டிங்?

பிரிட்டனில் இளநிலைக்கு யூகாஸ் என்ற ஒரே அமைப்பு வழியாக ஐந்து இடங்கள் வரை போடலாம். 2026-ல் சேர்கிறவர்களிலிருந்து அங்கே ஒற்றைக் கட்டுரை போய், மூன்று கேள்விகள் வந்துவிட்டன. இந்தப் பாடம் ஏன் வேண்டும்? உன் படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார்செய்தது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படிப் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஒரே பதில்தான் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் போகும். ஆகவே ஒன்றின் பெயரைச் சொல்லிப் புகழ முடியாது. மூன்று இடத்தில் மார்க்கெட்டிங்கும் இரண்டு இடத்தில் உளவியலும் போட்டால் பதில் இரண்டுங்கெட்டானாகிவிடும்.

பேரணாம்பட்டு மாணவி ஒருத்தி முதலில் எழுதிக் கொண்டுவந்த வரிகள் இவை: "சிறு வயது முதலே மார்க்கெட்டிங் மீது எனக்குத் தீராத ஆர்வம். இன்றைய வேகமான உலகில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மார்க்கெட்டிங் அவசியம். உலகத்தரம் வாய்ந்த உங்கள் நிறுவனத்தில் படித்து என் கனவை நிறைவேற்ற விரும்புகிறேன்." ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டால் யார் எழுதியது என்று சொல்ல முடியாது. வேலூரில் ஒரு கன்சல்டன்சியில் பணம் வாங்கிக்கொண்டு இதே வரிகளை ஊரில் பாதிப் பேருக்கு எழுதித் தருகிறார்கள். வரும் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க யூகாஸ் மென்பொருள் வைத்திருக்கிறது, ஒற்றுமை தெரிந்தால் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை. "கடையில ஷாம்பு சரம் எங்க தொங்குது?" என்று கேட்டேன். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. சரங்கள் கடை முகப்பில், ஆள் கண்ணுக்கு நேரே. கம்பெனி சேல்ஸ்மேன் வாரா வாரம் ஒரே கிழமையில் வந்து ஆர்டர் எடுப்பார், ஸ்டாக்கிஸ்ட் வண்டி மறுநாள் இறக்கும். பத்து சரம் எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஸ்கீம் வந்தால், அந்த இலவசம் வாடிக்கையாளர் கைக்குப் போகாது, அப்பாவின் லாபத்தில் சேரும். ஸ்கீம் கொடுத்தும் ஒரு கம்பெனி சரம் மட்டும் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று அவளுக்குள் ஒரு கேள்வி ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதை எழுதலாம் என்றுதான் தோன்றவில்லை.

பிறகு அவளே ஒன்று செய்தாள். நன்றாக ஓடும் சரத்தையும் தூசி படிந்த சரத்தையும் இடம் மாற்றிப் போட்டாள். பிஸ்கட்டிலும் அதையே செய்தாள், ஓடாத பாக்கெட்டைக் கல்லாவுக்குப் பக்கத்து பாட்டிலில் வைத்தாள். கடனுக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் கோடு போட்டு எண்ணினாள். ஷாம்புவில் ஒன்றும் மாறவில்லை. "அந்தப் பச்சை கலரு குடு பாப்பா" என்று கேட்டு வாங்குகிறவர், அது எங்கே தொங்கினாலும் அதையேதான் கேட்டார். பிஸ்கட்டில் மாறியது. கல்லாவில் சில்லறைக்குக் காத்திருக்கும்போது கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டார்கள்.

அவளுடைய மூன்றாவது பதில் இந்த நோட்டிலிருந்து வந்தது. சில பொருளுக்கு வருகிறவர் முடிவோடு வருகிறார், சில பொருளுக்குக் கடையில் முடிவெடுக்கிறார், கம்பெனி இரண்டுக்கும் ஒரே மாதிரிக் காசைச் செலவழித்தால் ஒன்றில் வீண் என்று எழுதினாள். இரண்டாவது பதிலில் ப்ளஸ் டூ வணிகக் கணிதம், புள்ளியியல் புத்தகத்தின் கூறெடுப்புப் பாடத்தைக் கொண்டுவந்தாள்: ஒரே கடை, ஒரே தெரு, கொஞ்ச நாள், இதை வைத்து ஊருக்கே பொதுவாகச் சொல்ல முடியாது, சொல்ல வேண்டுமானால் எத்தனை கடை வேண்டும் என்று கணக்கிடக் கற்க விரும்புகிறேன். முதல் பதில் தானாக அமைந்துவிட்டது. "ஆர்வம்" என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

விண்ணப்பத்தைப் படிக்கிற பேராசிரியர் பார்ப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். கவனித்தாயா, மாற்றிப் பார்த்தாயா, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு போடத் தெரிகிறதா? கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது முடியும் என்றில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி காந்தி ரோடு, பாபு ராவ் தெருவில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகை வங்காளத்தில் இருக்கும், மீன் குழம்பு மெஸ் பலகையும் வங்காளத்தில் இருக்கும், அறையோடு சமையல் வசதி உண்டு என்று எழுதியிருப்பார்கள். வாரக்கணக்கில் தங்கப் போகிற நோயாளி வீட்டாருக்கு எது முதலில் தேவை என்று அந்தத் தெரு யோசித்து வைத்திருக்கிறது. எந்த லாட்ஜ் எதை முதல் வரியில் போடுகிறது என்று எழுதி வாருங்கள். ஆற்காட்டில் மக்கன்பேடா இனிப்புக் கடைகளுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படித் தனியாகத் தெரியப் பார்க்கிறார்கள்? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள் கத்தரிக்காய் நேதாஜி மார்க்கெட்டில் அந்தப் பெயரோடு விற்கிறதா, வெறும் கத்தரிக்காயாக விற்கிறதா? ஆம்பூரில் தைத்த ஷூ வேறொரு தேசத்து லேபிளோடு போகும்போது லேபிள்காரருக்கு எதனால் அவ்வளவு லாபம்? ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாலு வாரம் போய் வந்தால் போதும்.

ஆங்கிலம் வராதே என்று பயப்படும் பிள்ளை முதலில் தமிழில் எழுதட்டும், சின்னச் சின்ன வாக்கியமாக. பிறகு ஆங்கிலத்தில் அதே அளவு வாக்கியங்களாக மாற்றட்டும். ஏ.ஐ.யிடம் கொடுத்து "அழகாக்கு" என்றால் கடன் நோட்டும் பச்சை சரமும் போய், "தீராத ஆர்வம்" திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிழை திருத்த மட்டும் கேளுங்கள்.

அமெரிக்கா என்றால், பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் இணைய விண்ணப்பத்தில் கட்டுரை 650 சொல். அங்கே பாடத்தைவிட ஆளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதே கடையைப் பற்றியே எழுதலாம், ஆனால் நடுவில் நிற்க வேண்டியது ஷாம்பு இல்லை, நீங்களும் அப்பாவும். முதுநிலைக்கு பிரிட்டன் போகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேரடியாக அனுப்புவார்கள். அங்கே மட்டும் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் உங்களுக்கு வேண்டும் என்று பெயரோடு சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

யூகாஸில் ஆசிரியர் எழுதும் பரிந்துரையும் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசித் தேதி ஜனவரி நடுவில். பிள்ளைகள் எங்களிடம் வந்து நிற்பது டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மேஜையில் இருக்கும்போது. அப்போது நான் எழுதித் தரக்கூடியது "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" அவ்வளவுதான். ஆகஸ்டிலேயே உங்கள் நோட்டைக் கொண்டுவந்து வணிகவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள், எண்ணிக்கை பாதியில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. கூடவே கணக்கு ஆசிரியரிடமும் காட்டுங்கள். உங்கள் எண்ணிக்கையில் அவர் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார், அதை அடைக்க இன்னும் நாலு மாதம் கையில் இருக்கும்.